அண்ணன் எப்படி இருக்காங்க?

துக்கம் விசாரிக்க வருகிறவர்களை நாம் திட்டாத திட்டு இல்லை. "வந்தோமா போனோமான்னு இல்லாம, எப்படிச் செத்தாரு, கடைசியா என்ன சாப்பிட்டாருன்னு நோண்டுறாங்களே" என்று முதுகுக்குப் பின்னால் கரித்துக் கொட்டுவோம். ஒருத்தருமே விசாரிக்காத வீட்டில் ஒரு கோடை முழுக்க இருந்து பார்த்தால்தான் அந்த நோண்டலின் அருமை தெரியும். டீச்சருக்குத் தெரிந்தது.

டீச்சர் என்றால் கணக்கு டீச்சரோ தமிழ் டீச்சரோ இல்லை. விளையாட்டு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கழுத்தில் விசிலோடு வெயிலில் நின்றவள். அவள் "லைன்ல நில்லு" என்றால் மைதானத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவனும் இறங்கி நிற்பான். அப்பேர்ப்பட்டவளைப் புருஷன் போன பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகன், "கோடைக்கு இங்க வந்து இரும்மா, மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்" என்று டிக்கெட் போட்டு அழைத்துக்கொண்டான். வந்தாள். மாற்றம்தான் வரவில்லை. எடுக்கும்போது வராத அழுகை, காரியத்தன்று வராத அழுகை, விமானம் ஏறியா வரும்? பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி மரத்துக் கிடந்தது அவளுக்கு உடம்பு முழுவதும்.

மகனும் மருமகளும் தங்கமானவர்கள். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அந்த வீட்டில் 'அப்பா' என்ற சொல்லுக்கு மட்டும் தடை. பேச்சை எடுத்தால் அம்மா உடைந்துவிடுவாளாம். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அப்பா அம்மா படத்தை, இவள் வந்து இறங்குவதற்கு முன்பே கழற்றி எங்கேயோ வைத்துவிட்டான் மகன். ஆணியைக் கழற்ற மறந்துவிட்டான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே மருமகள், "அத்தை, டீ போடட்டுமா?" என்று எழுந்துவிடுவாள். டீச்சர் அந்த வீட்டில் குடித்த டீக்கு அளவே இல்லை. காலையில் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நாலாவது மாடியில் துணி துவைக்கிற மெஷினும் டீச்சரும்தான். மெஷினாவது சத்தம் போடும்.

அதனால் கீழே இறங்கி, பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். பஸ் ஏற இல்லை, சும்மா உட்கார. அந்த வழியாக வரும் பஸ் தினமும் நிற்கும், கதவு திறக்கும், இவள் தலையை ஆட்டுவாள், கதவு மூடும். ஒருநாள் கதவைத் திறந்த டிரைவர் தமிழில் பேசினார்.

"ஏம்மா, நீங்க நம்ம ஆளுதானே? தினமும் உக்காந்திருக்கீங்க, ஏற மாட்டேங்கறீங்க. பஸ்ஸு மேல ஏதாச்சும் கோவமா?"

"எங்க போறதுன்னு தெரியல தம்பி."

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாங்க. மத்தியானம் நம்ம ஆளுங்கல்லாம் கூடுவோம்."

"நாங்க அந்த வழி இல்லையே."

"வழி இல்லன்னா என்னம்மா, டீ இருக்கு. என் வீட்டுக்காரி பேக்கரி வெச்சிருக்கா, பன்னு இருக்கு. பிரசங்கம் புடிக்கலன்னா காதைப் பொத்திக்குங்க, பன்னை மட்டும் விட்றாதீங்க."

பஸ்ஸுக்குள் யாரோ கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே கதவை மூடினார்.

சர்ச் பெரியது, ஆனால் இவர்களுடையது இல்லை. காலை ஆராதனை முடிந்து சர்ச்சுக்கு உரியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பின்பக்கத்து ஹாலை இவர்களுக்கு விடுவார்கள். அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாங்களே இறக்கி வட்டமாகப் போட்டு, முடிந்ததும் தாங்களே அடுக்கிவிட்டுப் போக வேண்டும். பாட்டு, பிரசங்கம் எல்லாம் ஆன பிறகு பாஸ்டர், "ஜெபக்குறிப்பு சொல்றவங்க சொல்லலாம்" என்றார். வாரநாளில் குழாய் ரிப்பேர் பார்க்கிற மனிதர் அவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் ஜெபமே பண்ணுவார். வட்டத்தில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். மகளுக்கு வரன், தம்பிக்கு விசா, வாடகை வீட்டுக்காரன் தொல்லை. டீச்சரிடம் வந்து நின்றது.

வேண்டாம் என்று தலையசைத்தால் தாண்டிப் போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. முறை வந்தால் ஆடித்தானே ஆக வேண்டும், விளையாட்டு டீச்சருக்கு? "எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். போனவர்களுக்காகக் கும்பிடுவது அவள் வீட்டு வழக்கம். அந்த நினைப்பில்தான் சொன்னாள்.

"அண்ணனுக்கு என்ன செய்யுதும்மா?" என்றார் பாஸ்டர்.

"நெஞ்சுல அடைப்பு. ஆபரேஷன் பண்ணணும்னாங்க. வேண்டாம்னுட்டாரு."

இதுவரை சத்தியம். அடுத்த வாக்கியம் தொண்டையில் தயாராகத்தான் இருந்தது. அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரி, டிரைவரின் சம்சாரம். கை முழுக்க அடுப்புச் சூட்டுத் தழும்பு, வெண்ணெய் வாசனை.

"அய்யோ! இப்ப அண்ணன் எப்படி இருக்காங்க?"

எத்தனை மாதம் கழித்து ஒரு மனுஷி கேட்கிறாள்! டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். "பரவாயில்ல. ஊர்ல இருக்காரு" என்றாள்.

அவ்வளவுதான். ஹால் முழுக்கக் கண்ணை மூடி அவருக்காக வேண்டியது. செத்துப்போன மனுஷனுக்கு நல்ல தூக்கம் வேண்டும், பசி வேண்டும், மருந்து பிடிக்க வேண்டும் என்று. சொல்லியிருக்கலாம், நடுவில் நிறுத்தி. சொல்லவில்லை. போனது போகட்டும், அடுத்த வாரம் வர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தாள்.

கையில் டீ வருவதற்குள் ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். "அண்ணன் எப்படி இருக்காங்க? தனியா என்ன சமைக்கிறாரு? மாத்திரை நேரத்துக்குப் போடுறாரா?" டீச்சரும் பதில் சொன்னாள். பார்க்கப்போனால் 'இருக்கிறார்' என்ற ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம் நிஜம். அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் வார்னிஷ் வாசனை போகாது. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, இவள் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புவார். ஓடாத ஃபேனைப் பார்த்தால், ஒன்றுவிட்ட பங்காளி படுக்கையில் விழுந்த மாதிரி முகம் வாடிவிடும். டாக்டர் ஆபரேஷன் என்றதும் அவர் சொன்னதையும் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"நான் தினமும் மோட்டாரைப் பிரிச்சு மாட்டுறவன் டாக்டர். பிரிக்கறது எந்தப் பயலுக்கும் வரும். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சும் பாருங்க. என் நெஞ்சுல மிஞ்சுனா நான் எவன்கிட்டப் போய்க் கேக்கறது?"

ஹாலே சிரித்தது. பேக்கரிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஸ்க்ரூ மிஞ்சுமாமே!" என்று கண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு டாக்டர் அறையில் டீச்சரும் இப்படித்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளுக்கு சர்ச்சில் வகுப்பு நடத்தினார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் வால் முளைத்தவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடக்க, டீச்சர் விசில் இல்லாமல் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினாள் பாருங்கள், பிள்ளைகள் மட்டுமா, பாஸ்டரும் வந்து வரிசையில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு 'விசில் டீச்சர்' என்று பெயர். பேக்கரிக்காரி 'டீச்சரக்கா' என்றே ஒட்டிக்கொண்டாள். காலை வேளையில் கடைக்கு வரச் சொல்வாள். சூடான தட்டுக்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, "ம், அண்ணன் கதையைச் சொல்லுங்க" என்பாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கன்னம் மரத்துத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய சேலையை டீச்சர் சனிக்கிழமையே எடுத்து வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரி சாட்சி சொல்ல எழுந்தாள். நன்மை நடந்தவர்கள் எழுந்து நாலு பேர் முன்னால் சொல்வதைத்தான் அங்கே சாட்சி என்பார்கள்.

"யாருக்கும் சொல்லல, இப்பச் சொல்றேன். எனக்கும் நெஞ்சுல அடைப்பாம். ஆபரேஷனுக்குத் தேதியெல்லாம் குடுத்துட்டாங்க. கத்தின்னாலே எனக்கு ஈரக்கொலை நடுங்கும். தூக்கமே இல்ல. ஆனா நம்ம டீச்சரக்கா வீட்டு அண்ணனை நெனச்சதும் தைரியம் வந்துச்சு. ஆபரேஷன் இல்லாமலே அவரைக் கர்த்தர் நடத்துறாரே! அதே கர்த்தர்தானே எனக்கும்? வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைதட்டல். டிரைவர் தட்டவில்லை.

பாஸ்டர் தலையைச் சொறிந்தார். "சிஸ்டர், நான் குழாய் ரிப்பேர்க்காரன். அடைப்புன்னா ஜெபமும் பண்ணுவேன், குழாயையும் கழட்டுவேன். ரெண்டும் அவரு குடுத்த வழிதான்."

"அண்ணனுக்கு யாரு கழட்டுனா பாஸ்டர்? ஸ்க்ரூ மிஞ்சும்னுதானே அவரு வேண்டாம்னாரு? நல்லாத்தானே இருக்காரு?"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் டீ கப்பைப் பார்த்தாள்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் டிரைவர் கதவைத் திறந்ததோடு நிற்காமல் சீட்டை விட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, கடைப்படி ரெண்டு ஏறுனா நின்னு மூச்சு வாங்குறா. உதடெல்லாம் நீலமாப் போவுது. என் பேச்சையும் கேக்கல, பாஸ்டர் பேச்சையும் கேக்கல. 'அண்ணன் போன்ல வந்து, பண்ணிக்கோம்மான்னு சொல்லட்டும், பண்ணிக்கறேன்'ங்கறா. ஒரே ஒரு போன் போட்டுக் குடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "பேசச் சொல்றேன் தம்பி" என்றாள் டீச்சர். வாய் தானாகச் சொன்னது. அவர் கும்பிட்டுவிட்டு ஓடி ஏறினார்.

பேசச் சொல்கிறாளாம்! எந்த நம்பருக்கு? வேறு யாரையாவது விட்டு அவர் மாதிரி பேச வைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் புத்தி போயிற்று. தூ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் சொன்னால் என்ன மிஞ்சும்? கடையை விற்றாயிற்று. மகன் வீட்டில் வெறும் ஆணி. இந்த ஹாலில்தான் அவர் இன்னும் தூங்கினார், மாத்திரையைத் துப்பினார், நாலு பேரைச் சிரிக்க வைத்தார். சொன்னால் இங்கேயும் செத்துப்போவார், அதுவும் இவள் வாயாலேயே. அவரோடு சேர்த்து இந்தச் சிநேகிதமும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பைத்தியக்காரி போய்ச் சேர்ந்துவிடுவாள். நிறுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. எழுந்து பேக்கரிக்கு நடந்தாள்.

பேக்கரிக்காரி தட்டில் மாவு உருண்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை ஏப்ரனில் துடைத்தாள். "அண்ணன் லைன்ல இருக்காரா? குடுங்க, குடுங்க!"

"போன் இல்ல. நீ முதல்ல உக்காரு."

"என்ன டீச்சரக்கா?"

"அவரு செத்துட்டாரும்மா."

தவறிட்டாரு, காலமாயிட்டாரு, சாமிகிட்டப் போயிட்டாரு என்று ஊரில் ஆளாளுக்கு மெத்தை போட்டுத்தான் பேசினார்கள். இவள் ஒரு மெத்தையும் போடவில்லை. அந்தச் சொல்லை அவள் சொன்னதே அன்றைக்குத்தான்.

"ஐயையோ! எப்போ? நேத்தா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே..."

"நேத்து இல்ல. நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாலயே. ஆபரேஷன் வேண்டாம்னாரு, ஸ்க்ரூ மிஞ்சும்னாரு, நானும் சிரிச்சேன். ஒருநாள் காலையில கடைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கிட்டிருந்தாரு. மேல ரெண்டு பட்டன் போட்டாரு. மீதியைப் போடல."

பேக்கரிக்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நாங்க வாராவாரம் கும்பிட்டதெல்லாம்?"

"ஆமா."

"முழங்கால் போட்டு வேண்டினேனே! சாப்பிடாம உபவாசம் இருந்தேனே அந்த மனுஷனுக்காக! ஏன் டீச்சரக்கா இப்படிப் பண்ணீங்க?"

"நீ கேட்ட. எப்படி இருக்காருன்னு கேட்ட. வேற யாரும் கேக்கல."

அவள் மாவுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக் கதவைத் திறந்தாள். "போயிருங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

டீச்சர் வந்துவிட்டாள். வழியில் அழுகை வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. எடுத்து வைக்காத சேலையோடு ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இன்னிக்கு சர்ச்சுக்குப் போகலையா அத்தை?" என்றாள் மருமகள். இல்லை என்றாள். "டீ போடட்டுமா?" என்றாள் மருமகள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, பெஞ்சுக்கு எதிரே பஸ்ஸுக்குப் பதில் ஒரு கார் வந்து நின்றது. டிரைவர்தான், யூனிபார்ம் இல்லாமல்.

"ஏறுங்க டீச்சரம்மா. இன்னிக்கு ஆபரேஷன். உங்களைப் பாக்காம உள்ள போக மாட்டேன்னு கட்டிலைப் புடிச்சுக்கிட்டிருக்கா."

போய் இறங்கியதும் மகனுக்கு, ஆஸ்பத்திரி பெயரைப் போட்டு, 'இங்கே இருக்கிறேன்' என்று மட்டும் செய்தி அனுப்பினாள். யாருக்கு, எதற்கு என்று எழுதத் தோன்றவில்லை. அவனைப் பற்றிய கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி அங்கியில் பேக்கரிக்காரி பாதியாகத் தெரிந்தாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"உங்க மேல இருக்குற கோவம் இன்னும் போகல."

"சரி."

"என்ன சரி? உங்களுக்கு அவரு செத்து எத்தனையோ மாசம். எனக்கு அண்ணன் செத்து இன்னும் ரெண்டு வாரம்கூட ஆகல. நெனச்சீங்களா அதை? அழுத அழுகையில மாவுக்கு உப்பே போட வேண்டி இருக்கல." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க அழுதீங்களா?"

"வரல."

"வரலன்னா விடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து நானே அழுதுட்டேன்." கையை நீட்டி இவள் கையைப் பிடித்தாள், முதல்நாள் பிடித்த அதே பிடி. "அந்தச் சட்டை என்ன கலரு?"

"நீலம். கட்டம் போட்டது."

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"காபி. அரை டம்ளர் வெச்சுட்டாரு. வந்து குடிக்கறேன்னாரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படியில. கூப்பிடுறாருன்னு நெனச்சேன். வந்து பாத்தா விழுந்து கிடந்தாரு."

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஊரில் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்தவள் மாதிரி. டீச்சர் ஒன்று விடாமல் சொன்னாள். நர்சுகள் வந்து கட்டிலைத் தள்ளினார்கள். கதவருகில் போனதும் அவள் தலையைத் தூக்கினாள்.

"டீச்சரக்கா, ஸ்க்ரூ மிஞ்சிருமா?"

"ஒண்ணும் மிஞ்சாது. நான் வெளியிலதான் நிக்கிறேன். ஒண்ணு குறைஞ்சாலும் விசில் ஊதிருவேன்."

மத்தியானம் தாண்டி டாக்டர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். டிரைவர் சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கி உட்கார்ந்தார். பாஸ்டர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் நின்ற இடத்தில் நின்றாள்.

அப்போதுதான் மகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். மீட்டிங்கில் இருந்து செய்தியை லேட்டாகப் பார்த்திருக்கிறான். சட்டை முழுக்க வியர்வை.

"அம்மா! உனக்கு என்னாச்சு? ஒரே வரில செய்தி அனுப்பினா உயிரே போயிடாதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடா. உங்கப்பாவோட தங்கச்சிக்கு ஆபரேஷன்."

"தங்கச்சியா? அப்பாவுக்கு ஏதும்மா தங்கச்சி?"

அப்பாவுக்கு. அந்தக் கோடையில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. டீச்சருக்குக் கீழுதடு துடித்தது. ஊசி மருந்தின் வேகம் இறங்கின கன்னம் மாதிரி முதலில் குறுகுறுத்தது, அப்புறம் வலித்தது, அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வராந்தா அதிரும்படி அழுதாள். மைதானம் முழுக்கக் கேட்ட குரல் அது, சும்மாவா இருக்கும்? அந்தக் கோடியில் இருந்த நர்சுகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மகன் வெலவெலத்துப் போனான். "அம்மா, அழாதம்மா... தெரியாம சொல்லிட்டேம்மா... டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"டீயும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். இப்படி உக்காரு." அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அப்பாவைப் பத்தி ஏதாவது கேளுடா."